மெழுகு அந்துப்பூச்சிதான் தேனீக்களை விரட்டியதா?

மடிப்பாக்கத்தில் மொட்டைமாடியில் தேன்பெட்டி வைத்திருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறக்காமலே விட்டுவிட்டு, தை பிறந்ததும் திறந்து பார்த்தால் ஒரு தேனீகூட இல்லை. அடை கட்டிய மரச்சட்டங்கள் முழுக்க வெள்ளை வலை, அதற்குள் நெளியும் புழுக்கள். "இந்தப் புழுதான் தேனீக்களை விரட்டியதா? அந்துருண்டை போட்டு வைக்கச் சொல்கிறார் மாமனார், போடலாமா? பெட்டியைத் திரும்பப் பயன்படுத்த முடியுமா? இது பிளாஸ்டிக்கையே தின்னும் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டு, பெட்டியின் படமும் அனுப்பியிருக்கிறீர்கள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்துருண்டை போடவே போடாதீர்கள். மாமனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். துணி அலமாரிக்குப் பழகிய வழி அது. ஆனால் தேன்மெழுகு கொழுப்புத் தன்மை உள்ளது. நாப்தலீன் ஆவியை அது உறிஞ்சித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அடுத்து வரும் கூட்டம் அந்த அடையில்தான் முட்டையிடும், அதில்தான் தேனைச் சேர்க்கும். அந்தத் தேனை நீங்கள் குழந்தைக்குக் கொடுப்பீர்கள். கரப்பான்பூச்சிக்கு அடிக்கும் ஸ்பிரேயும் அப்படித்தான், பெட்டி பக்கமே கொண்டுபோகக் கூடாது.

இனி உங்கள் முதல் கேள்வி. நீங்கள் பார்த்தது மெழுகு அந்துப்பூச்சியின் புழு. இதில் இரண்டு வகை உண்டு. பெரியதன் பெயர் காலேரியா மெல்லோனெல்லா. அதன் புழு முற்றினால் கிட்டத்தட்ட ஓர் அங்குல நீளம் வரும். சிறியது அக்ரோயா கிரிசெல்லா. கெட்டியான வெள்ளை வலை விரித்து, சட்டத்தின் மரத்தையே படகு வடிவில் குடைந்து கூடு கட்டியிருந்தால் அது பெரியதன் வேலை. உங்கள் படத்தில் மேல்கட்டையில் வரிசையாகப் பள்ளங்கள் தெரிகின்றன. சந்தேகமே இல்லை, பெரியதுதான்.

இது தேனீக்களை விரட்டியதா என்றால், பெரும்பாலும் இல்லை. உங்கள் கூட்டம் ஏற்கெனவே மெலிந்திருக்கும். அந்துப்பூச்சி அதற்குப் பிறகு உள்ளே வந்திருக்கும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது புரியாவிட்டால் அடுத்த மழைக்காலத்திலும் உங்களுக்கு இதே கதிதான்.

தாய்ப்பூச்சி இருட்டிய பிறகு பெட்டியைத் தேடி வரும். வளர்ந்த பூச்சிக்கு வேலை செய்கிற வாய்ப்பகுதியே கிடையாது, அது எதையும் தின்பதில்லை. இனப்பெருக்கம் ஒன்றுதான் அதன் வேலை. இடுக்குகளில், மூடிக்கும் சுவருக்கும் நடுவில், அடிப்பலகை ஓரத்தில், கொத்துக் கொத்தாக 300 முதல் 600 முட்டைகள் வரை இடும். பலமான கூட்டமாக இருந்தால் அடையின் ஒவ்வோர் அங்குலத்திலும் தேனீ உட்கார்ந்திருக்கும். பொரித்து வரும் குட்டிப் புழுவைக் கவ்வி வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிடும். தேனீ இல்லாத வெற்று அடை பெட்டிக்குள் இருந்தால்தான் புழுவுக்குப் பிழைக்க வழி கிடைக்கும்.

இந்தப் புழு வெறும் மெழுகைத் தின்று வளர்வதில்லை என்பதையும் கவனியுங்கள். தேனீக் குஞ்சுகள் வளர்ந்த பழைய அடைதான் அதற்கு விருப்பம். ஒவ்வொரு தேனீயும் பிறந்து வெளியேறும்போது அறைக்குள் தன் கூட்டுறையையும் கழிவையும் விட்டுச்செல்கிறது. அதோடு மகரந்தத் துணுக்குகளும் ஒட்டியிருக்கும். அடை கறுத்துப் போவது இதனால்தான், புழுவுக்குச் சத்து இருப்பதும் இதில்தான். புத்தம்புது வெள்ளை அடையை மட்டும் கொடுத்தால் சரியாக வளராமல் தவிக்கும்.

நாம் பெட்டியில் வளர்க்கும் நம் ஊர் அடுக்குத் தேனீக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இத்தாலியத் தேனீ இடுக்குகளை மரப்பிசின் கொண்டு பூசி அடைத்துவிடும். அடுக்குத் தேனீக்கு அந்தப் பழக்கம் இல்லை. போதாததற்கு, பழைய கறுப்பு அடையைத் தானே கடித்துப் பிய்த்துக் கீழே போடும் பழக்கம் வேறு. அந்தத் துகள் அடிப்பலகையில் சேர்ந்து கிடக்கும். அந்துப்பூச்சிப் புழுவுக்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது. மேலே தேனீக்கள் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்க, கீழே குப்பையில் புழு வளர்ந்துகொண்டிருக்கும். தொல்லை தாங்காத அளவுக்குப் போனால் அடுக்குத் தேனீ சண்டை போட்டுக்கொண்டிருக்காது, பெட்டியை விட்டே கிளம்பிவிடும். இந்த அளவில் அந்துப்பூச்சிக்கும் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆரம்பித்து வைத்தது அதுவல்ல.

சென்னையில் ஆரம்பித்து வைப்பது பெரும்பாலும் மழைக்காலம். வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும்போது தேனீ வெளியே போக முடியாது. போனாலும் பூவில் மது கரைந்திருக்கும். உள்ளே இருக்கும் தேன் தீரத் தீர ராணி முட்டையிடுவதைக் குறைத்துவிடும். வயதான தேனீக்கள் சாகும், புதிதாகப் பிறப்பது இருக்காது. எட்டுச் சட்டத்தை மூடியிருந்த கூட்டம் மூன்று சட்டத்துக்கு வந்துவிடும். மீதி ஐந்து சட்டமும் அந்துப்பூச்சிக்குத்தான். குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்து இந்தப் பூச்சியின் வளர்ச்சியை நிறுத்தி வைக்கும். இதற்கு மிகவும் ஒத்துப்போவது 29 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பம், அது நம் ஊரில் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் இருக்கிறது. முட்டை ஒரு வாரத்துக்குள் பொரித்துவிடும், ஆறேழு வாரத்தில் அடுத்த தலைமுறை பறக்கும். நீங்கள் பெட்டியைத் திறக்காமல் விட்ட காலம் அதற்குத் தாராளம்.

1991, 92-இல் தென்னிந்தியா முழுக்க அடுக்குத் தேனீயைத் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் தாக்கியது. மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்த்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் பறிகொடுத்தார்கள். அன்றைக்கும் காலியான பெட்டிகளில் கண்ணுக்குத் தெரிந்தது இந்த வலையும் புழுவும்தான். வைரஸ் யார் கண்ணுக்கும் படாது.

அதனால் வலையைப் பிய்த்து எறிவதற்கு முன் உங்கள் பெட்டியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். என்ன நடந்தது என்று அதிலேயே எழுதியிருக்கும். அடையில் தேனும் இல்லை, தேனீக் குஞ்சும் இல்லை, அடிப்பலகையில் செத்த தேனீயும் இல்லை என்றால், கூட்டம் யோசித்துத்தான் கிளம்பியிருக்கிறது. பசி வந்தால் ராணி முட்டையிடுவதை நிறுத்திவிடும். இருக்கிற குஞ்சுகள் பிறக்கும்வரை காத்திருந்து, மிச்சத் தேனையும் குடித்துவிட்டு ஒருநாள் மொத்தமாகப் பறந்துவிடும். அதற்குப் பதில் மூடிய அறைகளுக்குள் குஞ்சுகள் செத்துக் கிடந்தால் நோய் வந்திருக்கலாம், இல்லை பெரிய தேனீக்கள் திடீரென்று அழிந்திருக்கலாம். பக்கத்தில் கொசு மருந்துப் புகை அடித்தாலோ, ஏதாவது செடிக்குப் பூச்சிமருந்து தெளித்தாலோ அப்படி ஆகும். மூன்றாவதாக ஒன்று உண்டு. நடுவில் சின்னத் துளையோடு கூம்பு மாதிரி எழும்பிய மூடிகள் அடையெங்கும் சிதறிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். அவை ஆண் தேனீ அறைகள். வேலைக்காரத் தேனீ அறைகளுக்கு நடுவே அவை தாறுமாறாக இருந்தால் ராணி எப்போதோ போய்விட்டது, வேலைக்காரத் தேனீக்களே முட்டையிட ஆரம்பித்திருக்கின்றன என்று பொருள். அந்தக் கூட்டம் அந்துப்பூச்சி வராவிட்டாலும் பிழைத்திருக்காது.

கூட்டம் உயிரோடு இருக்கும்போதே இந்தப் பூச்சியைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. தேனீக் குஞ்சுகள் வளரும் புழு அறைச் சட்டம் ஒன்றை எடுத்துக் காலை வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். புழு குடைந்த பாதை அடைக்குள் கோடாகத் தெரியும். சில நேரம் மூடியிருக்க வேண்டிய அறைகள் ஒரே நேர்கோட்டில் திறந்து கிடக்கும், உள்ளே தேனீக் கூண்டுப்புழுவின் வெளுத்த தலையும் ஊதா நிறக் கண்ணும் தெரியும். மூடிக்கு அடியில் அந்துப்புழு ஓடிய வழி அது. அதைத் துரத்துவதற்காகத் தேனீக்களே மூடியைக் கடித்துத் திறந்திருக்கும். சட்டத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினால் புழு வெளியே தலைநீட்டும். முற்றிய நிலையில், முழுதாக வளர்ந்த தேனீ வெளியே வர முடியாமல் அறைக்குள்ளேயே பட்டு நூலில் கால் சிக்கிச் சாவதையும் பார்க்கலாம். பார்க்கவே மனசு கேட்காத காட்சி.

பெட்டியைத் தாராளமாகத் திரும்பப் பயன்படுத்தலாம். வலை கட்டிய அடைகளை அறுத்தெடுத்து அன்றைக்கே உருக்குங்கள், இல்லாவிட்டால் ஆழமாகப் புதையுங்கள். குப்பைத்தொட்டியில் போட்டால் புழு அங்கேயே பூச்சியாகிப் பக்கத்துத் தெருப் பெட்டிக்குப் போகும். உருக்குவதற்கு அடுப்புகூட வேண்டியதில்லை. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். உள்ளே கறுப்புப் பூச்சு அடித்து மேலே கண்ணாடி மூடிய பெட்டியைப் பங்குனி, சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்தால் போதும். பழைய அடையில் மெழுகு கம்மியாகத்தான் வரும், சக்கைதான் அதிகம்.

வெற்றுப் பெட்டியின் உட்புறத்தை உளியாலோ கத்தியாலோ சுரண்டுங்கள். மூலைகளிலும் பள்ளங்களிலும் ஒட்டியிருக்கும் கூடுகளை ஒன்று விடாமல் எடுங்கள். பிறகு உட்பக்கம் முழுக்கத் தீச்சுவாலையை லேசாகக் காட்டினால் முட்டையும் சாகும். சுவாலை காட்ட வசதி இல்லாவிட்டால் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி வெயிலில் நன்றாகக் காயவையுங்கள்.

வலை கட்டாத, நல்ல அடை ஒன்றிரண்டு மிஞ்சியிருந்தால் அவற்றைக் காப்பாற்ற உங்கள் வீட்டு ஃப்ரீசரே போதும். −7 டிகிரியில் நாலரை மணி நேரம், −15 டிகிரியில் இரண்டு மணி நேரம் இருந்தால் முட்டை முதல் பூச்சி வரை எல்லாம் செத்துவிடும். வீட்டு ஃப்ரீசர் −18 வரை போகும். அடையின் நடுப்பகுதிவரை குளிர் இறங்க வேண்டும் என்பதால் இரண்டு நாள் வைப்பது நல்லது. அடுக்குத் தேனீக்கான சிறிய நியூட்டன் பெட்டியின் புழு அறைச் சட்டம் சுமார் 20 செ.மீ. நீளம், 14 செ.மீ. உயரம்தான், எளிதாக உள்ளே போகும். பாலித்தீன் பையில் சுற்றி வையுங்கள். எடுத்த பிறகும் குளிர் முழுக்க விடும்வரை பையைப் பிரிக்க வேண்டாம், இல்லாவிட்டால் அடையில் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். கந்தகம் புகைப்பது பழைய முறை. புழுவும் பூச்சியும் சாகும், முட்டை சாகாது. இரண்டு வாரம் கழித்துத் திரும்பவும் புகைக்க வேண்டியிருக்கும். ஃப்ரீசர் இருக்கும்போது அது எதற்கு?

இவ்வளவு சொன்னபிறகும் இந்தப் பூச்சியை எதிரியாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பால்கனிக்கு அடியிலும் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேயும் மலைத்தேனீ பெரிய அடை கட்டுவதைச் சென்னையில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பூ ஓய்ந்ததும் அது இடம்பெயர்ந்துவிடும். அடை மட்டும் காய்ந்து தொங்கும். கொஞ்ச நாளில் அது சல்லடையாகி, தூளாகி உதிர்ந்துவிடும். அதில் பெரும்பங்கு மெழுகு அந்துப்பூச்சியின் வேலை. மலைத்தேனீக்கு அடுத்த பருவத்தில் அதே இடத்துக்குத் திரும்பி வரும் பழக்கம் உண்டு. நோய்க் கிருமியும் பூச்சிமருந்து எச்சமும் ஏறிய பழைய அடை அங்கேயே இருந்திருந்தால் வருகிற கூட்டம் அதன் மேல்தான் உட்கார வேண்டியிருக்கும். காட்டு மரப்பொந்துகளிலும் இதே கதைதான். கூட்டம் அழிந்த பொந்தைப் பல தலைமுறைகளாகச் சுத்தம் செய்து கொடுத்துக்கொண்டிருப்பது இந்தப் புழு. ஆகவே காலியான அடையைப் பார்த்துப் பயந்து தீ வைக்க ஆள் கூப்பிடுகிறவர்களிடம் சொல்லுங்கள்: விட்டுவிடுங்கள், தானே போய்விடும்.

பிளாஸ்டிக் விஷயம் உண்மைதான், ஆனால் செய்திகளில் வந்த அளவுக்கு இல்லை. ஸ்பெயினில் ஃபெடெரிகா பெர்ட்டோக்கினி என்ற உயிரியலாளர் தேனீயும் வளர்ப்பவர். அடையிலிருந்து பொறுக்கிய புழுக்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தார். சற்று நேரத்தில் பை ஓட்டை ஓட்டையாகிவிட்டது. நம் ஊரிலும் சட்டத்தைக் கேரிபேக்கில் கட்டி வைத்த எவருக்கும் இந்த அனுபவம் இருக்கும். அவர் அத்தோடு விடவில்லை. 2017-இல் வந்த ஆய்வில், சுமார் 100 புழுக்கள் 12 மணி நேரத்தில் ஒரு பாலித்தீன் பையில் 92 மில்லிகிராமைக் குறைத்ததாகக் கணக்குக் கொடுத்தார்கள். மெழுகும் பாலித்தீனும் நீண்ட கார்பன் சங்கிலிகள் கொண்டவை. அதனால்தான் மெழுகுக்குப் பழகிய புழுவால் பாலித்தீனையும் தொட முடிகிறது என்று கருதினார்கள். வெறுமனே கடித்துத் துளைக்கிறதா, உண்மையிலேயே சிதைக்கிறதா என்று சில ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள், நியாயமான கேள்வி. 2022-இல் அதே குழுவினர் புழுவின் எச்சிலிலிருந்து இரண்டு நொதிகளைப் பிரித்தெடுத்து, அவை அறை வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே பாலித்தீனை ஆக்சிஜனேற்றம் செய்வதைக் காட்டினார்கள்.

சென்னையின் குப்பைக்கிடங்குகளில் குவியும் குப்பையில் இந்தப் புழுவை விட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். பிளாஸ்டிக்கை மட்டும் கொடுத்தால் இதன் எடை குறையும், ஒழுங்காக வளராது. பிழைத்துப் பூச்சியானவை தேன்கூடுகளைத் தேடித்தான் போகும். எதிர்பார்ப்பு வைக்க வேண்டியது அந்த நொதிகளின் மேல்.

பிளாஸ்டிக்கைவிட மருத்துவத்தில் இது செய்கிற உதவி பெரியது, ஆனால் அதைப் பற்றிப் பேசுவார் இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ரஷ்ய உயிரியலாளர் செர்கேய் மெட்டல்னிகோவ் இந்தப் புழுவைக் கையில் எடுத்தார். காசநோய்க் கிருமியைச் சுற்றி மெழுகு போன்ற உறை இருக்கிறது. மெழுகைச் செரிக்கும் புழு அதையும் செரிக்குமா என்பது அவர் கேள்வி. இன்றைக்கு உலகெங்கும் ஆய்வகங்களில் புதிய மருந்தை எலிக்குக் கொடுப்பதற்கு முன் இந்தப் புழுவில் சோதித்துப் பார்க்கிறார்கள். நம் உடல் வெப்பமான 37 டிகிரியில் இது உயிரோடு இருக்கும். இதன் ரத்த அணுக்கள் கிருமியை விழுங்கும் விதம் நம் வெள்ளை அணுக்கள் செய்வதைப் போலவே இருக்கும். கிருமியை ஊசியில் செலுத்திய பிறகு, பால் வெள்ளையாக இருந்த புழு தொற்று முற்ற முற்றக் கறுத்துக்கொண்டே போகும். மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பது இரண்டு மூன்று நாளில் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

விவசாயத்திலும் இதற்கு வேலை இருக்கிறது. கரும்பு, நிலக்கடலை வேரைத் தின்னும் வேர்ப்புழுவைக் கொல்லும் நூற்புழுக்களை வளர்ப்பது இந்த அந்துப்புழுவின் உடலில்தான். மண்ணில் அந்த நூற்புழு இருக்கிறதா என்று பார்க்கவும் இதையே இரையாக வைப்பார்கள். ஹெட்டரோராப்டிடிஸ் என்ற நூற்புழு வகை தொற்றிச் செத்த அந்துப்புழு செங்கல் சிவப்பாக மாறியிருக்கும்.

இதன் காதைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். நமக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. 2013-இல் கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது இந்தப் பூச்சிக்கு 300 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்டது. அதுவரை எந்த விலங்கிலும் அவ்வளவு பதிவானதில்லை, வௌவால் எழுப்பும் ஒலியே அந்த உயரத்துக்குப் போவதில்லை. ஆண் பூச்சி நம் காதுக்கு எட்டாத ஒலியில் பெண்ணை அழைக்கும்.

புதுக் கூட்டம் வைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் காலம். மாசியில் தொடங்கிச் சித்திரைவரை சென்னையில் முருங்கை, வேம்பு, புங்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும், தென்னை எப்போதும் உண்டு. பெட்டியைச் சுத்தம் செய்து இப்போதே கூட்டம் வாங்கிவிடுங்கள். காலை வெயில் படட்டும், மதிய வெயிலுக்கு மேலே கீற்றோ ஷேட் நெட்டோ போட்டுக் கொடுங்கள். பத்து நாளைக்கு ஒருமுறை அடிப்பலகையை வெளியே எடுத்துச் சுரண்டுங்கள், அந்தத் துகளை மாடியிலேயே உதறிவிடாதீர்கள். விரிசலை மெழுகு வைத்து அடையுங்கள், கறுத்துப்போன அடையை வருஷத்துக்கு ஒன்றிரண்டாக மாற்றிக்கொண்டே வாருங்கள். ஐப்பசி பிறந்ததும் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாகை மாலையில் உள்ளே வையுங்கள். மழை விட்ட நாளாகப் பார்த்துத் திறந்து, தேனீ எத்தனை சட்டத்தை மூடியிருக்கிறதோ அத்தனையை மட்டும் விட்டுவிட்டு மீதியை எடுத்துவிடுங்கள். எடுத்த சட்டங்களை இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து, பிறகு வெளிச்சமும் காற்றும் வருகிற இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்கவிடுங்கள்.